இழை நீண்டிருந்தது

நான் வேலை பார்த்த பிரிவில் இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகள் போன மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். கடற்படைச் சண்டை விமானங்களில் இப்போது ரேடாருடன், வெப்பத்தை வைத்து இலக்கைப் பார்க்கும் அகச்சிவப்புக் கருவியும் வருகிறதாம். ஆண்டு மலருக்காக, அந்தக் காலத்தில் இரண்டிலும் எனக்கிருந்த அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

அகச்சிவப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதைப் படிக்க என்னை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. பெயர்கூடப் பட்டியலில் வந்துவிட்டது. பிறகு அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதைத்தான் என்னால் எழுத முடியும்.

எனக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். போடியில் பள்ளிப் படிப்பு முடித்து, மதுரையில் ஆள் எடுத்தபோது கடற்படையில் சேர்ந்தேன். கணக்கு கொஞ்சம் வரும் என்பதால் ரேடார் மெக்கானிக் ஆக்கினார்கள். இரண்டு வருடப் பயிற்சியில் நினைவிருப்பது ஈயப் பற்று வைக்கும் வாசனையும், ஒரு காகிதத்தில் வைத்த கையெழுத்தும்தான். பார்க்கிற வேலையைப் பற்றி வெளியில் யாரிடமும், வீட்டாரிடமும்கூடப் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த கையெழுத்து. அதனால் என் ஆத்தாவைப் பொறுத்தவரை நான் கப்பல்காரர்களுக்கு ரேடியோப் பெட்டி ரிப்பேர் செய்கிறவன். விடுமுறைக்குப் போனால் ஊரார் பழுதான ரேடியோக்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவற்றைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவேன். ஊரிலும் பேச முடியாது, தளத்திலும் பேச ஆள் இல்லை. மாலுமிகள் விடுதியில் தமிழ் பேசுகிற இரண்டு மூன்று பேர் என்னைப் 'போடிக்காரன்' என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு அவர்கள் சகவாசம் முடிந்துவிடும்.

மேற்குக் கடற்கரையில் இருந்தது எங்கள் தளம். ஐம்பதுகளின் பின்பாதி. எங்களிடம் இருந்தவை இரண்டு பேர் அமரும் பழைய சண்டை விமானங்கள். இயந்திரத்துக்கு அடியில் சுரைக்காய் போல ஒரு கூடு தொங்கும். அதற்குள் ஒரு சிறிய வட்டில் இடமும் வலமும் ஆடிக்கொண்டே கடலைத் துழாவும். முன்னால் இருப்பவர் விமானி. பின்னால் இருப்பவரை அப்சர்வர் என்போம். ரப்பர் மூடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பச்சைத் திரையில் கப்பலையும் கரையையும் கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலை.

அந்தக் கருவியின் உயிர்நிலை, கட்டைவிரல் நகம் நீளமே உள்ள ஒரு கிரிஸ்டல். திரும்பி வருகிற மிக மெல்லிய எதிரொலியைப் பிடித்துக் கொடுப்பது அதுதான். புதுக் கிரிஸ்டல் ஈயத் தாளில் சுற்றி வரும். பிரிப்பதற்கு முன் ஒரு கையால் விமானத்தின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாமல் எடுத்தால் நம் உடம்பில் இருக்கிற மின்சாரமே அதைக் கெடுத்துவிடும். தினமும் காலையில் கருவியைச் சூடேற்றி, கிரிஸ்டலில் ஓடும் மின்சாரத்தை, 'கிரிஸ்டல் ஓட்டம்' என்போம், மீட்டரில் படிப்போம். முள் ஒரு கோட்டுக்கு மேலே இருந்தால் தேறியது. கீழே போனால் மாற்ற வேண்டும். படித்த அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் சீஃப், அதாவது மெக்கானிக்குகளுக்குத் தலைவர், தூத்துக்குடிக்காரர். ரொட்ரிகோ என்று பெயர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. 'நல்லா இருக்கா?' என்று ஒரு நாளும் கேட்கமாட்டார். 'எவ்வளவுலே?' என்றுதான் கேட்பார். நாம் அளவைச் சொன்னதும், 'சரி' என்று சொல்லாமல் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து திரும்பப் போய்ப் படித்தவர்கள் உண்டு. சட்டைப் பையில் கடிகாரக்காரர்கள் கண்ணில் இடுக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வைத்திருப்பார்.

அப்சர்வர்களில் லெப்டினன்ட் ராகவன் என்று ஒருவர். அதிகாரிகள் யாரும் மெக்கானிக்கிடம் நின்று பேசுவதில்லை. இவர் பறந்து இறங்கியதும் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்து, "இன்னைக்குக் கரை இருபது மைல்ல தெரிஞ்சுது, நேத்து இருபத்தஞ்சுல தெரிஞ்சுதே, ஏன்?" என்பார். அந்தத் தளத்தில் என் வேலையைப் பற்றி என்னிடம் பேசிய ஒரே மனிதர் அவர்தான். அவர் கேட்கிற கேள்விகளுக்காக நான் புத்தகம் எடுத்துப் படித்தேன்.

ஒரு ஆடி மாதக் காலை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கடலில் ஒரு கப்பலைத் தேடிக் குறிவைக்கும் பயிற்சி. ராகவன் பின் இருக்கை. முன்னால் வடக்கத்தி அதிகாரி ஒருவர். மீட்டரைப் படித்தேன். முள் சரியாகக் கோட்டிலேயே உட்கார்ந்திருந்தது. கீழே போகவில்லை; மேலேயும் இல்லை. ஸ்டோர்ஸில் புதுக் கிரிஸ்டல் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். வாங்க இண்டென்ட் என்கிற கோரிக்கைச் சீட்டு எழுதி, இரண்டு கையெழுத்து வாங்கி, மழையில் ஓடைப் பக்கம் இருந்த கட்டடம் வரை போய் வர வேண்டும். சீஃப் அன்றைக்கு வேறு விமானத்தில் இருந்தார். ராகவன் ஏணியில் கால் வைத்தவாறே, "எல்லாம் ஆச்சா?" என்றார்.

"ஆச்சு சார்" என்றேன். அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டரை மணிக்கு வானொலித் தொடர்பு அறுந்தது. மூன்று மணி வரை கடலில் தேடினார்கள். மறுநாள் காலையில்தான் தந்தி வந்தது. விமானம் கடலில் விழவில்லை. கரையைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்குமேல் கிழக்கே போய், ஏல மலையில், போடி மெட்டுக்குப் பக்கத்தில் மோதியிருந்தது.

அவர்கள் மேகத்துக்கு மேலே பறந்து திரும்பியிருக்கிறார்கள். மேல் காற்று நினைத்ததைவிடப் பலமாக அவர்களைக் கிழக்கே தள்ளியிருக்கிறது. இன்னும் கடல்மேல் இருக்கிறோம் என்று எண்ணி மேகத்துக்குள் இறங்கியிருக்கிறார்கள். கீழே இருந்தது மலை. ரேடார் திரையில் கரை தெரிந்திருந்தால் இறங்கியிருக்கமாட்டார்கள்.

ஆளாளுக்கு ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. திரும்பி வரும்போது கருவியின் ஆயுளை மிச்சப்படுத்த அதை அணைத்து வைக்கிற பழக்கம் சில அப்சர்வர்களுக்கு இருந்தது. ராகவனும் அணைத்திருப்பார் என்றார்கள். இறந்தவர் வந்து இல்லையென்று சொல்லப்போவதில்லை. எனக்குள் ஏதோ ஒன்று அந்தப் பேச்சைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியதே இல்லை.

மலைப் பக்கத்து ஆள் என்பதால் என்னையும் அங்கே போகிற குழுவில் சேர்த்தார்கள். சீஃப், ஒரு டாக்டர், ஆறு மாலுமிகள். ஜீப்பு போகிற வரை போய், பிறகு ஏலக்காட்டுக்குள் நடந்தோம். கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. அட்டைகள் காலுறைக்குள் ஏறின. விழுந்த இடத்தைக் கண்ணால் பார்க்குமுன்னே வாசனை வந்துவிட்டது. நசுங்கிய ஏலச் செடியும் விமானப் பெட்ரோலும் கலந்த வாசனை.

முதலில் அங்கே போய்ச் சேர்ந்தது மாடத்தி என்கிற தோட்டத் தொழிலாளி. காய் எடுக்கப் போன இடத்தில் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறாள். மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து ஒருவர் முகத்தை மூடி, பக்கத்தில் இருந்தவளிடம் இன்னொரு சாக்கை வாங்கி மற்றவர் முகத்தையும் மூடிவிட்டு, நாங்கள் வருகிற வரை தோட்டத்து ஆட்களோடு மாறி மாறி அங்கேயே நனைந்துகொண்டு காவல் நின்றிருக்கிறாள்.

"மஞ்சு மூடிக் கெடந்துச்சு சாரே, ஒண்ணுமே தெரியல" என்றாள். "தலைக்கு மேல சத்தம் மட்டும் கேட்டுச்சு. இம்புட்டுத் தாழ வருதேன்னு பதறிப்போயி ரெண்டு கையையும் தட்டிக் கத்துனேன். நான் கத்துனா அவுகளுக்குக் கேக்குமா? ஆனாலும் கத்துனேன்."

பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு எந்தூரு?" என்றாள்.

"ராசிங்காபுரம்."

"அட, நான் தேவாரம்ல. அப்ப இவுக? உங்க கூட்டாளிகளா?"

"ஒருத்தரு" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

அந்த நேரம் பனி கொஞ்சம் விலகியது. கிழக்கே, சரிவுக்கு அப்பால், சமவெளி முழுவதும் வெயிலில் கிடந்தது. மலையின் அந்தப் பக்கம் ஆடியில் காற்றுதான்; மழை இல்லை. போடியின் ஓட்டுக் கூரைகள் தெரிந்தன. எங்கள் ஊர்க் காடுகள் தெரிந்தன. இன்னும் ஒரே ஒரு மேட்டைத் தாண்டியிருந்தால் அவர்கள் என் ஊருக்கு மேலே, வெளிச்சத்துக்குள் வந்திருப்பார்கள்.

உடல்களை டாக்டரும் மாலுமிகளும் பார்த்துக்கொண்டார்கள். சீஃபும் நானும் பின் இருக்கைக்குப் போனோம். ரேடார் பலகை கசங்கிப்போயிருந்தது. சுவிட்சின் குமிழ் ஒடிந்து எங்கோ போய்விட்டது. கருவி ஓடியதா, அணைந்திருந்ததா என்று அதை வைத்துச் சொல்ல வழியில்லை. சீஃப் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பலகையின் மூலையில் ஏலக்காய் அளவுக்கு ஒரு விளக்கு; கருவிக்கு மின்சாரம் ஓடுவதைக் காட்டுகிற விளக்கு. சிவப்புக் கண்ணாடி மூடியும் உள்ளே இருந்த பல்பும் உடையாமல் இருந்தன. மூடியைத் திருகி எடுத்து, பல்பை விரல் நுனியால் கழற்றினார்.

"எரியுத பல்புல இழை சூட்டுல இளகி இருக்கும்லே" என்றார். "அந்த நேரம் அடி விழுந்தா இழுபட்டு நீண்டுபோவும். அணைஞ்சு கெடந்த பல்புன்னா அப்படி நீளாது. ஒடிஞ்சா படக்குன்னு ஒடியும். சண்டைக் காலத்துல இதை வச்சுத்தான் பாத்தோம்."

"பாருங்க சீஃப்."

"இந்த வெளிச்சத்துல வேண்டாம்." உருப்பெருக்கியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, பல்போடு சேர்த்து என்னிடம் கொடுத்தார். "சாமான் வண்டில போட்டா பல்பு தூள் தூளாப் போவும். நீ போடிக்கு எறங்கித் தளத்துக்குத் தந்தி குடுக்கணும்லா, கையிலயே கொண்டு போ. நல்ல வெயில்ல வச்சுப் பாரு. பாத்ததை விசாரணைச் சபைல சொல்லு." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினார். "அம்மாவைப் பாத்துட்டு வாலே. சாயங்காலம் மேட்டுக்கு வந்துரு."

போடி தபால் ஆபீசில் தந்தி கொடுத்துவிட்டு பஸ்சு ஏறினேன். தீப்பெட்டிக்குள் பல்பும் அதன் சிவப்பு மூடியும். அதைக் கைக்குள் பொத்திக்கொண்டே போனேன்.

ஆத்தா முற்றத்தில் இலவங்காயை உடைத்துப் பஞ்சும் விதையுமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ அப்பு! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற? என்னப்பு, மேலெல்லாம் ரத்தம்?"

"அட்டைக் கடி ஆத்தா. மேட்டுல ஒரு சோலி. வெரசாப் போகணும்."

"ஏரோப்ளேன் விழுந்துருச்சுன்னு ஊரே பேசுது. அதுக்கா? ரேடியோப் பெட்டி பாக்குறவனுக்கு அங்க என்ன சோலி?"

"அதுலயும் ரேடியோ இருக்கும்ல ஆத்தா."

அவள் சோறு எடுத்து வைக்கப் போனாள். நான் கொல்லைப்புறம் போய் மாட்டுத் தொட்டி ஓரத்தில் வெயிலில் உட்கார்ந்தேன். உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பல்பைத் தூக்கிப் பார்த்தேன்.

இழை நீண்டிருந்தது. சுருளாக இருக்க வேண்டியது, இழுத்துவிட்ட ஸ்பிரிங் போல ஒரு பக்கமாகத் தொய்ந்து கிடந்தது. ராகவன் கருவியை அணைக்கவில்லை. மலையில் மோதிய கணம் வரை ரப்பர் மூடிக்குள் முகம் வைத்துக் கரையைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கருவி அவருக்குக் கரையைக் காட்டவில்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்தது. பல்பை நகத்தால் நாலு சுண்டு சுண்டினால் இழை உதிர்ந்துவிடும். உதிர்ந்த இழையை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. சீஃப் பார்க்கவில்லை. உலகத்தில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். வெளிநாட்டுப் பயிற்சிப் பட்டியலில் என் பெயர் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து சுண்டத் தயாராக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

"சோறு ஆறுது அப்பு" என்று சொல்லிக்கொண்டே வந்த ஆத்தா, என் மடியில் கிடந்த சிவப்பு மூடியைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் மலர்ந்தது. "அதென்ன, செவப்புக்கல்லு மூக்குத்தியா? யாருக்கு? எங்கிட்டச் சொல்ல மாட்டியா?"

"இல்ல ஆத்தா. செத்துப்போன ஒருத்தரோட சாமான்."

அவள் மலர்ச்சி அப்படியே நின்றுபோனது. பிறகு, "அப்ப பத்திரமாக் கொண்டுபோயி அவுக வீட்டு ஆளுககிட்டச் சேத்துரு. ஒடச்சுக்கிடச்சுப் போட்டுறாத" என்றாள். முற்றத்துக்குப் போய் ஒரு பிடி இலவம் பஞ்சு எடுத்து வந்து, தீப்பெட்டிக்குள் தன் கையாலேயே வைத்து, "இதுல வையி" என்றாள்.

வைத்தேன். சோறு இறங்கவில்லை. பஸ்சு ஏற்றிவிடும்போது, "அந்தப் பிள்ளைகளுக்கு ஆத்தா இருக்காளாப்பு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு பேசிய ராகவனிடம் அதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

விசாரணைச் சபையில் மூன்று அதிகாரிகள். பல்பும் உருப்பெருக்கியும் ஒவ்வொருவர் கையாகப் போயின. தலைவராக இருந்தவர், "ஆக, கருவி ஓடிக்கொண்டிருந்தது" என்றார். "பிறகு ஏன் கரை தெரியவில்லை?"

"காலையில் கிரிஸ்டல் ஓட்டம் சரியாகக் கோட்டிலேயே இருந்தது சார். ஸ்டோர்ஸில் புதியது இருந்தது. நான் மாற்றவில்லை."

"விதிப்படி மாற்ற வேண்டுமா?"

"வேண்டியதில்லை சார்."

அவர் சீஃபைப் பார்த்தார். சீஃப் எழுந்து, விதிப்படி மெக்கானிக் செய்தது சரிதான் என்றார். "நீங்களாக இருந்தால்?" என்று கேட்டார் தலைவர். சீஃப் கைக்குட்டையை எடுத்தார். விரல்களைத் துடைக்கவில்லை, கைக்குள் கசக்கி வைத்துக்கொண்டார்.

"நான் மாத்தியிருப்பேன் சார்."

வெளியே வந்ததும், "கோவமாலே?" என்றார்.

"இல்ல சீஃப்."

"எவ்வளவுன்னு கேட்டாக. உள்ளதைச் சொன்னேன்" என்றார்.

ராகவன் மீதிருந்த பழி நீங்கியது. என் பதிவேட்டில் ஒரு கண்டனம் ஏறியது. வெளிநாட்டுக்கு வேறொருவர் போனார். என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். கேட்டு வருகிறவர்களுக்குக் கிரிஸ்டல் எடுத்துக் கொடுக்கிற வேலை. இண்டென்ட்டை வாங்கிப் பார்த்து, ஈயத் தாள் கிழியாமல் எடுத்துக் கொடுத்து, பதிவு செய்வேன். வாங்குகிறவர்கள் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. யாரும் என்னை வெறுத்ததாகச் சொல்ல முடியாது. ஒரு பெரிய தவறுக்குப் பக்கத்தில் உட்கார அவர்களுக்குப் பயம்.

ஒரு நாள் சீஃப் ஸ்டோர்ஸுக்கு வந்தார்.

"நேத்துப் புதுக் கிரிஸ்டல் போட்டு மழைக்குள்ள நானே பறந்து பாத்தேம்லே. திரை முழுக்க வெள்ளையா மழைதான் தெரியுது. கரை தெரியல. இந்தப் பெட்டியைச் செஞ்சவன் நம்ம ஊரு மழையைப் பாத்ததில்ல."

"அப்ப நான் மாத்தியிருந்தாலும்..."

"அது தெரியாது" என்றார். "நேத்துப் பெஞ்ச மழை வேற, அன்னைக்குப் பெஞ்ச மழை வேற. ஒரு வேள கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். ஒரு வேள தெரிஞ்சிருக்காது." இண்டென்ட்டை நீட்டி இரண்டு கிரிஸ்டல் வாங்கிக்கொண்டு போனார்.

புரட்டாசியில் ராகவனின் அப்பா வந்தார். மகனின் சாமான்களை வாங்கிப் போக. அவையும் எங்கள் ஸ்டோர்ஸில்தான் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. மெலிந்த மனிதர். குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கையுறை, ஷூ, நாலைந்து புத்தகம், ஒரு சவரப் பெட்டி என்று பட்டியலை வாசித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியபடி கேட்டார்.

"கருவி ஓடிக்கிட்டிருந்துதுன்னு சபையில சொன்ன பையன் இங்கதான் இருக்கான்னு சொன்னாங்க. நீங்களா?"

"ஆமாங்கய்யா."

அவர் என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "அவன் தூங்கிட்டான், அணைச்சுட்டான்னு ஏதேதோ சொன்னாங்க. அவன் அம்மா அதைக் கேட்டுட்டுச் சாப்பிடவே இல்லை. நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் சாப்பிட்டா."

கையை அவரிடம் விட்டுவிட்டு அப்படியே நின்றிருக்கலாம். முடியவில்லை. கிரிஸ்டலைப் பற்றிச் சொன்னேன். முள் இருந்த இடம், ஸ்டோர்ஸில் புதியது இருந்தது, நான் போய் வாங்காதது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பிடி மெல்லத் தளர்ந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"மாத்தியிருந்தா வந்திருப்பானா?"

"தெரியலீங்கய்யா. சீஃபுக்கும் தெரியல."

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். மழை விழுந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் இருக்கும். நான் உள்ளேயே நின்றேன். பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை. பிறகு எழுந்தார், குடையை விரித்தார், நாலு அடி நடந்தார். என்ன நினைத்தாரோ, திரும்பி ஜன்னல் பக்கம் வந்தார்.

"இங்க வந்ததுலேருந்து ஒவ்வொருத்தரும் எனக்கு ஏதோ ஒரு காரணத்தை நிச்சயமா நிச்சயமா சொன்னாங்க. தெரியலேன்னு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. அதை வச்சுக்கிட்டு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. ஆனா அவன் அம்மாகிட்ட அதையும் சொல்றேன்."

வாசல் காவலர் அவருக்காகக் கதவைத் திறந்து விட்டார். ஒரு கையில் குடை, ஒரு கையில் பெட்டி. சாலை வளைவு வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடமிருந்து பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. நானும் எழுதவில்லை. உள்ளே போய், அன்றைக்கு வந்திருந்த இண்டென்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.